பெற்றவள் கொடுத்த புகார்

எல்மார் தன் அம்மாவை முதல் தடவை அடித்தது சோறு குழைந்துபோனதற்காக. பூரிங் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். கடைக்குப் பொங்கிய பெரிய பானையிலிருந்தே அவனுக்கும் போட்டு வைத்திருந்தாள். அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எழுந்து வந்து கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். பிறகு உட்கார்ந்து அதே சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான். பூரிங்குக்கு வலிக்கக்கூட நேரமில்லை. அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து விரல்கணு அளவு பார்த்துத் தண்ணீர் வைத்தாள். சோறு மல்லிகைப்பூ மாதிரி வந்தது. ஆனாலும் அடி விழுந்தது. கப்பல் கம்பெனியிலிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டதற்காக அந்த அடி. அதன்பிறகு அவள் கம்பெனிப் பேச்சையே எடுக்கவில்லை. "என்ன, என்னைப் பத்தி ஒரு கவலையும் இல்லையா உனக்கு?" என்று தலைமுடியைப் பிடித்து இழுத்தான். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அவளும் விடாமல் அடைத்துக்கொண்டே இருந்தாள். எங்கேயோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை பழையபடி ஆகிவிடுவான் என்று நம்பினாள்.

பனாய்த் தீவின் வடமுனைக்கு எதிரே ஒரு சின்னத் தீவில், படகுத்துறையை ஒட்டி அவள் சாப்பாட்டுக் கடை. புருஷன் நெஸ்டர் மீன் பிடித்தவர். காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மீனைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாயைக்கூடக் கல்லெடுத்து எறியாத மனுஷன். அதனால் 'அப்பன் புத்தி' என்று சொல்லவும் வழியில்லை. எல்மார் குடிப்பான்தான், ஆனால் அளவாக. அடித்த நாட்களில் பெரும்பாலும் அவன் குடித்திருக்கவே இல்லை. சரக்குக் கப்பலில் வருஷக்கணக்காக எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். போன தடவை ஒப்பந்தம் முடிந்து இறங்கியவனை மறுபடி ஏற்றிக்கொள்ளவில்லை. வந்து அம்மாவோடு உட்கார்ந்துவிட்டான். முப்பத்து நாலு வயசு, ஆறடி உயரம்.

ஊருக்கு அவன் தங்கம். ஐஸ் பெட்டி தூக்க ஆள் இல்லையென்றால் எல்மார், கோயில் திருவிழாவுக்குக் கொடி கட்ட எல்மார், படகு எஞ்சின் மக்கர் பண்ணினால் எல்மார். கிழவிகள் படகிலிருந்து இறங்கும்போது கை கொடுப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் பூரிங் கடையில் பச்சைப்பயறும் முருங்கைக்கீரையும் போட்டுக் கருவாட்டோடு ஒரு குழம்பு கொதிக்கும். அதற்கென்றே படகுக்காரர்கள் வந்துவிடுவார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் கழுத்து வரை மூடிய கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கரண்டியைப் பிடித்திருந்தாள்.

"என்னக்கா, அடுப்படியில பனி கொட்டுதா?" என்றான் ஒரு படகுக்காரன்.

"அக்காவுக்கு யாரோ ஜப்பான்காரன் மாட்டிக்கிட்டான்டா. அந்த ஊர்க் குளிருக்கு இப்பவே பழகுறாங்க," என்றான் இன்னொருவன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

பின்கட்டிலிருந்து எல்மார் தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். "அம்மாவுக்கு வயசாகுதுல்ல, உடம்பு குளிருது. நான்தான் போட்டுக்கச் சொன்னேன்," என்று அவள் தோளில் கை வைத்தான். அந்தக் கைக்குக் கீழே இருந்த எலும்பு நேற்றிலிருந்து கையைத் தூக்க முடியாமல் வலித்துக்கொண்டிருந்தது. பூரிங் சிரித்தாள்.

"பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்," என்றான் முதல் படகுக்காரன்.

கடைக்கு எதிரே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த நில்டா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிச் சுவர்தான்.

மாலையில் அடிபம்பில் பூரிங் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டைக் கை நனைந்து மேலே ஏறிவிட்டது. நில்டா குடத்தைக் கீழே வைத்தாள்.

"இது என்னக்கா?"

"விழுந்துட்டேன்."

"எங்க?"

"படியில."

"உங்க வீட்ல படி எங்க இருக்கு? வாசல்ல ஒரு கல்லு கிடக்கு, அதுவும் ஆடுது."

பூரிங் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சும்மா இரு நில்டா. யார் காதுலயாவது விழும்."

"என் காதுல விழுந்துக்கிட்டேதானக்கா இருக்கு? தட்டிக்கு அந்தப் பக்கம் நான்தான படுத்திருக்கேன். சத்தம் வர்றப்பல்லாம் ரேடியோவப் பெருசா வச்சுக்கிறேன். வெக்கமா இருக்குது, எனக்கே." நில்டா அவள் பக்கத்தில் குந்தினாள். "எதுக்கு அடிக்கிறான்?"

அந்தக் கேள்விக்கு மட்டும் பூரிங்கிடம் பதில் கொட்டிக்கிடந்தது. "வேலை போன வருத்தம். ராத்திரி தூக்கம் வர்றதில்ல அவனுக்கு. எஞ்சின் சத்தத்துல இருந்தவனுக்கு இங்க அமைதியா இருக்கிறது ஒத்துக்கல. நானும் சும்மா இருக்கிறதில்ல, அதைச் செய் இதைச் செய்னு... வாய் எனக்கு. உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கா வாயி? ஈ உக்காந்தாக்கூட ஓட்டமாட்டீங்க."

"யார்கிட்டயும் சொல்லாத. மேரிமாதா மேல சத்தியம் பண்ணு."

நில்டா சத்தியம் பண்ணவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராகக் கப்பித்தான் வீட்டுக்குப் போனாள். கிராமத் தலைவர் பெர்த்தோவை எல்லோரும் கப்பித்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்மாருக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். தொட்டிலிலிருந்து தூக்கி ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோனவர்.

அவர் கெட்டவரில்லை. மறுநாளே வந்துவிட்டார். கடைப் பெஞ்சில் அம்மாவையும் பிள்ளையையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

"எல்மார், என்னப்பா இது? பத்து மாசம் சுமந்தவ மேல கை வைக்கலாமா?"

எல்மார் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் நின்றது. "தப்புதான் ஐயா. எனக்கே தெரியாம நடந்துடுது."

"அதான் பாரு, தெரியாமத்தான் நடக்குது." கப்பித்தானுக்கு மனசு இளகிவிட்டது. பூரிங் பக்கம் திரும்பினார். "நீயும் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும் தங்கச்சி. வேலையில்லாத ஆம்பளை அடிபட்ட நாய் மாதிரி. கிட்டப் போனாலே கடிக்கும். கொஞ்ச நாள் வாயக் கட்டிக்க. அவனா சரியாயிடுவான்."

"சரிங்க," என்றாள் பூரிங்.

"ம், அம்மா கைய வாங்கு."

எல்மார் அவள் முன்னால் மண்டியிட்டு, வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். சின்ன வயதில் தினமும் சாயங்காலம் அப்படித்தான் செய்வான். பூரிங் அழுதுவிட்டாள். கப்பித்தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புளிப்பு மீன் குழம்பு இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

"பாத்தியா, பேசினா தீராத விஷயம் இருக்கா?" என்று வாசலில் நின்ற நில்டாவைக் கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு சில நாள் வீடு கோயிலாக இருந்தது. எல்மார் கூரையில் ஏறி ஒழுகுகிற தகரத்தை மாற்றினான். கடைப் பலகைக்குப் புதுசாக நீல வர்ணம் அடித்தான். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டு வைத்தான். பூரிங் ஒவ்வொரு காரியத்தையும் எண்ணிப் பார்த்து, 'ஆமாம், வாயைக் கட்டியதால்தான்' என்று தன்னையே பாராட்டிக்கொண்டாள். நில்டா எதிரில் வரும்போது முகத்தைக்கூடக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாள். எல்மார் நடுவீட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

"கப்பித்தான்கிட்ட யார் சொன்னது?"

குரலில் கோபமே இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பது போலக் கேட்டான்.

"நான் சொல்லல தோதோ." சின்னப் பையனாக இருந்தபோது கூப்பிட்ட பெயர் அது. இப்போது பயம் வந்தால்தான் அவள் வாயில் வரும்.

"அப்ப அவருக்கு தேவதூதன் வந்து சொன்னானா?"

"நில்டா... அவளாப் போய்..."

"அவளுக்கு யார் சொன்னது?"

பூரிங் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் எழுந்து வந்துவிட்டான். ஒரே கைதான். கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். அவள் கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவன் முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. அதில் வெறி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எஞ்சினில் ஒரு திருகாணியை முடுக்குகிறவன் முகம் எப்படி இருக்கும், அப்படிக் கவனமாக இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் வீட்டில் யாரும் இல்லை, நில்டா சந்தைக்குப் போயிருந்தாள். பூரிங்குக்குக் காது அடைத்தது. ஜன்னல் இடுக்கில் தெரிந்த வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியானது. அதன்பிறகு ஒன்றுமில்லை.

கண் திறந்தபோது தரையில் கிடந்தாள். பாவாடை நனைந்திருந்தது. எல்மார் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போய்த் துணிய மாத்து. பசிக்குது."

அவள் எழுந்து துணியை மாற்றினாள். அடுப்பை மூட்டினாள். சோறு போட்டாள். இதை நினைத்துத்தான் பின்னால் அவள் வெகுநாள் குமைந்தாள். அடி வாங்கியதைவிட, எழுந்து போய் அவனுக்குச் சோறு போட்டது அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் குரல் இல்லை. "எவ்வளவு சோறுக்கா?" என்று கேட்டவர்களுக்கு விரலைக் காட்டினாள். எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வந்தது. "அம்மாவுக்குச் சளி," என்று எல்மார் எல்லோருக்கும் சொன்னான். தேனும் எலுமிச்சையும் கலந்து எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு ஒரு படகில் எஞ்சின் பார்க்கக் கூப்பிட்டார்கள், போனான்.

அவன் தலை மறைந்ததும் நில்டா வந்து அடுப்பை அணைத்தாள். கரண்டியைப் பூரிங் கையிலிருந்து பிடுங்கினாள். "நடங்க."

பூரிங் தலையை ஆட்டினாள்.

"நடக்கறீங்களா, இல்ல மூட்டை மாதிரித் தூக்கிட்டுப் போகவா? கருவாட்டு மூட்டை தூக்கின தோளு இது."

சுகாதார நிலையத்தில் ஆர்லின் இருந்தாள். தீவின் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் பிறந்தவை. பூரிங்கை உட்காரவைத்து, சட்டைக் கழுத்தை மெல்லக் கீழே இறக்கினாள். கண் இமையைத் தூக்கி, வெள்ளை விழியில் ஊசி குத்தியது போலிருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். விழுந்தீர்களா என்றும் கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

"கழுத்துல கை வச்சானாக்கா?"

பூரிங் நில்டாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தலையை அசைத்தாள்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா?"

அசைத்தாள்.

"உங்களுக்கே தெரியாம ஒண்ணுக்குப் போயிடுச்சா?"

இதை எப்படி இவள் அறிந்தாள் என்று பூரிங்குக்குப் புரியவில்லை. வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. "நான் என்ன தப்பு பண்றேன்னு தெரிஞ்சாப் போதும் ஆர்லின். திருத்திக்குவேன்."

ஆர்லின் நாற்காலியை இழுத்து அவள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். "அவன் கப்பித்தானை அடிச்சிருக்கானா?"

"இல்ல."

"படகுக்காரங்க யாரையாவது? கிண்டல் பண்றானுங்களே, அவனுங்களை?"

"இல்ல."

"கப்பல்ல மேலதிகாரிய?"

"ஐயோ, இல்ல."

"அப்ப அவனுக்குக் கைய அடக்கத் தெரியுது. உங்ககிட்ட அடக்க வேண்டாம்னு வச்சிருக்கான். நீங்க என்ன பண்ணினாலும், பண்ணாட்டியும், அது உங்க கையில இல்லக்கா." அவள் பூரிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணு. பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. அடிக்கிறவன் எல்லாரும் கொல்றதில்ல. கழுத்தப் பிடிச்சு மூச்ச நிறுத்துறவன் கதை வேற. ஒருதடவை அங்க கை போயிடுச்சுன்னா மறுபடி போகும். அடுத்த தடவை நீங்க இங்க வரமாட்டீங்க. நான்தான் உங்க வீட்டுக்கு வரணும்."

பூரிங் தன் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்த முகம், முதல் சம்பளத்தில் அவளுக்கு மின்விசிறி வாங்கி வந்த முகம். எவ்வளவு முயன்றும் கடைசியில் வந்து நின்றது திருகாணி முடுக்குகிற அந்த முகம்தான்.

"டவுனுக்குப் போகணும். பெரிய ஆஸ்பத்திரியில கழுத்தப் படம் எடுக்கணும். அப்படியே போலீஸ்," என்றாள் ஆர்லின்.

படகுத்துறையில் கப்பித்தான் நின்றிருந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "போலீசா? பொறு, பொறு. ஊருக்குள்ளயே பேசி முடிச்சுடலாம். பையன் வாழ்க்கை கெட்டுடும். போலீஸ்ல பேர் பதிஞ்சா எந்தக் கப்பல்ல ஏத்துவான்?"

"நீங்க பேசி முடிச்ச லட்சணத்தப் பாக்கறீங்களா?" நில்டா பூரிங்கின் சட்டைக் கழுத்தை வெடுக்கென்று இழுத்தாள். நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் ஊதா நிறத்தில் பதிந்திருந்தன. "ரெண்டு கிண்ணம் குழம்பு குடிச்சீங்களே. இது மூணாவது கிண்ணம்."

கப்பித்தான் பார்த்தார். அவர் தூக்கி வளர்த்த பிள்ளையின் கை அளவு அவருக்குத் தெரியும். குனிந்து, படகு கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார்.

டவுன் போலீஸ் நிலையத்தில் பெண்களுக்கென்று ஒரு மூலையில் மேஜை போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த போலீஸ்காரிக்கு எல்மார் வயதுதான் இருக்கும். ஆர்லின் ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜையில் வைத்தாள்.

"யார் பண்ணினதும்மா?"

பூரிங் உதட்டை நனைத்தாள்.

"அவங்க புள்ளைதான்," என்றாள் நில்டா.

"நீங்க இருங்க. அவங்களே சொல்லணும்." போலீஸ்காரி காத்திருந்தாள். சுவர் விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. ஒரு குடிகாரனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவன் ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்தான். கடைசியில் பூரிங் அந்தக் காற்றுக் குரலில் கேட்டாள்: "சொன்னா, உள்ள அவனுக்குச் சாப்பாடு போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா."

"அவனுக்குக் குழைஞ்ச சோறு ஆகாது."

போலீஸ்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அப்போதுதான் எல்மார் வந்தான். அடுத்த படகைப் பிடித்து வந்திருக்கிறான். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் அவளுடைய வெளியூர்ச் செருப்பு. நில்டா இழுத்துக்கொண்டு வந்த அவசரத்தில் அவள் கடையில் போடும் ரப்பர் செருப்போடு வந்திருந்தாள். அவன் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். குடிகாரன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அம்மா, இங்க என்ன பண்றீங்க? ஊரெல்லாம் தேடுறேன்." அவள் காலடியில் உட்கார்ந்து ரப்பர் செருப்பைக் கழற்றி, நல்ல செருப்பை மாட்டிவிட்டான். போலீஸ்காரியைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான். "மன்னிச்சுக்கங்க மேடம். அப்பா போனதுல இருந்து இவங்களுக்கு அப்பப்ப இப்படி ஆயிடும். தானே விழுவாங்க, தானே ஏதாவது சொல்லுவாங்க. வாங்கம்மா, கடைசிப் படகு போயிடும்."

முழங்கையைப் பிடித்துத் தூக்கினான். பார்க்கிறவர்களுக்கு அது தாங்கிப் பிடித்தது. உள்ளே கட்டைவிரல் நரம்பைத் தேடி அழுத்தியது. எழுந்து போய்விட்டால் இது முடிந்துவிடும் என்று பூரிங்கின் கால்கள் சொல்லின. அவள் எழுந்தும்விட்டாள். இரண்டு அடி நடந்தும்விட்டாள். கதவு வரைதான் இந்தச் சிரிப்பு இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. படகில் இருக்கும். வீட்டு வாசல் வரைகூட இருக்கும்.

நின்றாள்.

"நான் வரல."

"என்னம்மா?"

"நான் வரல தோதோ." திரும்பினாள். குரல் எழும்பவில்லை. போலீஸ்காரி எழுந்து பக்கத்தில் வந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. "இவன்தான். என் மகன் எல்மார். நேத்து கழுத்தப் பிடிச்சான். நான் செத்துட்டேன்னு நினைச்சேன். முந்தியும் அடிச்சான். நிறைய. எல்லாம் இவன்தான்."

சொல்லி முடித்ததும் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்மார் சிரித்தபடியே இருந்தான். சிரிப்பை எடுப்பதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து தோளைப் பிடித்தபோது, "அம்மா, சொல்லுங்க, சும்மா சொன்னேன்னு சொல்லுங்க," என்றான். பின்கதவுக்கு அப்பால் அவன் அழுவது கேட்டது. அது நடிப்பில்லை. பிள்ளை அழும் சத்தம் பெற்றவளுக்குத் தெரியாதா? காதைப் பொத்திக்கொண்டாள். நில்டா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள்.

வழக்கு முடியும்வரை இருக்கச் சொல்லி கோர்ட் அவனை மாவட்டச் சிறைக்கு அனுப்பியது. ஊரின் பாதி வாய் மூடிக்கொண்டது, மீதி வாய் திறந்துகொண்டது. நெஸ்டரின் தங்கை சலூத் கடை வாசலிலேயே வந்து நின்று கத்தினாள். "பெத்த வயிறா அது, இல்ல கல்லா? புலிகூடத் தன் குட்டியக் காட்டிக் கொடுக்காது! அண்ணன் குழிக்குள்ள புரண்டு படுத்திருப்பார்!" பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் பார்த்தே குனிந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் குறைந்தது. ஜப்பான்காரன் கிண்டல் அடித்தவன் மட்டும் ஒருநாள் தட்டைக் கொடுக்கும்போது, "தெரியாமப் பேசிட்டேன்க்கா," என்று முணுமுணுத்துவிட்டு ஓடிப்போனான்.

இலோய்லோ நகரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜெம்மா வந்தாள். வந்ததும் அம்மாவின் கழுத்தைத் தடவிப் பார்த்து அழுதாள். பிறகு கோபம் வந்தது. "போன்ல தினமும் பேசினேனேம்மா! 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு... ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன். இப்பத் தம்பியும் ஜெயில்ல. என் மாமியார் வீட்ல நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

ஜெம்மா அம்மாவின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். தம்பி அவள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு அனுப்பியவன். இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது, "என்னோட வந்துடும்மா," என்றாள். போகிற போக்கில், "அவனும் பாவம்மா," என்றாள். இரண்டும் உண்மையாகத்தான் சொன்னாள்.

வழக்கு தேதிக்கு முன்னால் பூரிங் ஒரு தடவை சிறைக்குப் போனாள். ஆர்லின் வேண்டாமென்றாள். நில்டா திட்டினாள், ஆனாலும் கூடவே வந்தாள். பூரிங் சோறு பொலபொலவென்று பொங்கி, மீன் வறுத்து எடுத்துக்கொண்டாள். வாசலில் அதைக் கிளறிக் கிளறிப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள்.

நடுவில் கம்பிவலை. எல்மார் இளைத்திருந்தான். தாடி வளர்ந்து அப்படியே நெஸ்டர் மாதிரி இருந்தான்.

"சாப்பிட்டியா?"

"அம்மா." வலையில் நெற்றியை வைத்துக்கொண்டான். "இங்க இருக்க முடியலம்மா. ராத்திரி ஒரே அறையில முப்பது பேர். ஒருத்தன் மேல ஒருத்தன் தூங்குறோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வக்கீல் சொல்றார். புகாரைத் திரும்ப எடுத்துக்கறேன்னு. நான் ஊருக்கே வரமாட்டேன். எங்கயாவது கப்பல் ஏறிடுவேன். உங்க கண்ணுலயே படமாட்டேன்."

"நிஜமாவா?"

"உங்க மேல சத்தியம்."

அவள் விரல் தானாகவே வலையைத் தொட்டது. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவன் கண்ணைப் பார்த்தாள். அழுகைக்குப் பின்னால் அவன் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு முடுக்கினால் போதும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல தோதோ," என்றாள். "முடியாது."

அவன் நெற்றியை வலையிலிருந்து எடுத்தான். முகம் துடைத்துவிட்டது போல ஆனது. காவலுக்கு நின்றவனுக்குக் கேட்காத குரலில், அமைதியாகச் சொன்னான்: "எத்தனை வருஷம் வச்சிருப்பாங்க? என்னைக்காவது வெளிய விடுவாங்கல்ல?"

பூரிங் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது. அப்போது அவள் மனசில் ஒரு நினைப்பு ஓடியது: நல்லவேளை, நடுவில் கம்பி இருக்கிறது. உடனே அந்த நினைப்பைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. பெற்ற பிள்ளை அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்து மூச்சு விடுகிறாளே ஒருத்தி, அவள் யார்? வெளியே ஓடிவந்து சுவரோரம் வாந்தி எடுத்தாள். நில்டா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

திரும்பும் படகில் அவர்கள் இருவரும் பின்பக்கம் உட்கார்ந்தார்கள். தீவு தெரிய ஆரம்பித்தபோது பூரிங் பேசினாள். குரல் இன்னும் பழையபடி ஆகவில்லை, இனி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வெளிய விடறதுக்கு முன்னால நமக்குச் சொல்லுவாங்களா?"

"ஆர்லின்கிட்டக் கேப்போம். சொல்லலேன்னா நான் வாரத்துக்கு ஒருதடவை போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"கோர்ட்ல எல்லார் முன்னாலயும் அவனைப் பாத்துக்கிட்டே மறுபடி சொல்லணுமாம்."

"நான் பக்கத்துல நிப்பேன்."

"என்னால முடியுமான்னு தெரியல நில்டா."

முடியும் என்று நில்டா சொல்லவில்லை. "அந்த மூங்கில் தட்டிய நாளைக்கே பிச்சு எடுத்துடலாம்," என்றாள். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எதுக்கு அது? நான் குறட்டை விடுவேன், பொறுத்துக்கங்க."

பூரிங் தலையசைத்தாள். மடியில் காலிப் பாத்திரம் இருந்தது. அவன் சாப்பிட்டானா, காவலாளிகள் சாப்பிட்டார்களா என்று தெரியவில்லை. படகு துறையை நெருங்கியது. இறங்குவதற்குக் கை கொடுக்க யாரும் இல்லாததால், நில்டா முதலில் தண்ணீரில் குதித்து, திரும்பி நின்று, இரண்டு கையையும் நீட்டினாள்.